தொட்டிலும் ஓட்டக்களமும்

ஆண்டுதோறும் நம் பள்ளி விளையாட்டு விழாவன்று ஒரு காட்சியைக் காண்கிறோம். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடுகள் பளிச்சிடுகின்றன. ஓட்டத்திற்குப் பெயர் கொடுத்த மாணவியர் கோட்டருகே குனிந்து நிற்கின்றனர். பந்தலின் ஓரத்திலோ பழைய மாணவியர் சிலர், இடுப்பில் குழந்தையோடு நின்று வேடிக்கை பார்க்கின்றனர். அவர்களுள் சிலர் ஒரு காலத்தில் இதே மைதானத்தில் ஓடிப் பள்ளிக்குக் கோப்பை வாங்கித் தந்தவர்கள். நீங்களும் ஒரு முறை ஓடுங்களேன் அக்கா என்று நாம் அழைத்தால், சிரித்துக்கொண்டே தலையை அசைத்து மறுத்துவிடுகின்றனர். கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்த பிறகு ஓட்டமாவது, ஆட்டமாவது என்பதே அந்தச் சிரிப்பின் பொருள்.

அந்தச் சிரிப்பு நம்மைச் சிந்திக்க வைத்தது. தாய்மை வந்தால் ஓட்டம் நின்றுவிட வேண்டும் என்பது இயற்கை வகுத்த விதியா? அல்லது நாமே வகுத்துக்கொண்ட வழக்கமா? இந்த வினாவுக்குச் சொல்லால் அன்றித் தம் கால்களால் விடை சொன்ன பெண்மணி ஒருவர் இருந்தார். இரு குழந்தைகளின் தாயாக, 30ஆம் வயதில், ஒரே ஒலிம்பிக் விழாவில் 4 தங்கப் பதக்கங்களை வென்றார் அவர். நெதர்லாந்து நாட்டின் ஃபானி பிளாங்கர்ஸ்-கோயன் என்னும் அந்த வீராங்கனையின் வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் நாம் சற்றே அறிந்துகொள்வோம்.

இளமைப் பருவம்

1918ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், நெதர்லாந்து நாட்டில் லாகா ஃபூர்ஸா என்ற சிற்றூரில் ஃபானி பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஃபிரான்சினா எல்ஸ்யே கோயன். தந்தை அரசு அலுவலர். பொழுதுபோக்காகக் குண்டு எறிதலிலும் வட்டு எறிதலிலும் ஈடுபட்டவர். உடன்பிறந்தோர் 5 பேரும் ஆண்கள். அத்தகைய வீட்டில் வளர்ந்த பெண் மூலையில் அமர்ந்திருப்பாளா? நீச்சல், டென்னிஸ், சீருடற்பயிற்சி, பனிச்சறுக்கு, வாள்வீச்சு, ஓட்டம் என்று எதையும் ஃபானி விட்டுவைக்கவில்லை.

பதின்பருவத்தில் அவருக்கு ஒரு குழப்பம் வந்தது. விளையாட்டில் உயர வேண்டும் என்ற ஆசை உண்டு. எந்த விளையாட்டில் என்பதுதான் தெரியவில்லை. நீச்சல் பயிற்சியாளர் ஒருவர் நல்ல வழி காட்டினார். நெதர்லாந்தில் அப்போது உலகத் தரம் வாய்ந்த நீச்சல் வீராங்கனைகள் பலர் இருந்தனர். ஆகவே நீச்சலைக் காட்டிலும் ஓட்டத்தில் முன்னேற வாய்ப்பு மிகுதி என்றார் அவர். ஃபானியும் அவ்வாறே 1935ஆம் ஆண்டு, தம் 17ஆம் வயதில், ஓட்டப் போட்டிகளில் இறங்கினார். இறங்கிய அதே ஆண்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் நாட்டுச் சாதனையை முறியடித்தார்.

ஆனால் இங்கே ஒரு செய்தியை நாம் கவனிக்க வேண்டும். ஒலிம்பிக் விழாவில் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டமே அப்போது இல்லை. ஒலிம்பிக் தடகளப் போட்டிகளில் பெண்களுக்கு முதன்முதலாக இடம் கிடைத்தது 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில்தான். அங்கே 800 மீட்டர் ஓடிய பெண்கள் களைத்துப்போனதைக் கண்ட பெரியவர்கள், நெடுந்தூர ஓட்டம் பெண்ணுடலுக்கு ஒவ்வாது என்று முடிவு கட்டினர். களைப்பு ஆண்களுக்கும் வரும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை போலும்! அந்த ஓட்டம் பெண்களுக்கு மீண்டும் கிடைக்க 1960ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எனவே ஃபானி குறுந்தூர ஓட்டங்களையும் தாண்டுதல்களையும் நாடினார். ஒரு கதவு அடைபட்டால் மறு கதவைத் தட்டும் பழக்கம் அவரிடம் அப்போதே இருந்தது.

பெர்லின் நகரில்

ஃபானியின் திறமையைக் கண்டறிந்து வளர்த்தவர் ஜான் பிளாங்கர்ஸ் என்பவர். 1928 ஒலிம்பிக்கில் மும்முறை தாண்டுதலில் பங்குபெற்றவர். பின்னர்ப் பயிற்சியாளராகவும் விளையாட்டுச் செய்தியாளராகவும் விளங்கினார். அவர் தந்த ஊக்கத்தால் 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் அணியில் 18 வயது ஃபானிக்கு இடம் கிடைத்தது. உயரம் தாண்டுதலில் 6ஆம் இடத்தைப் பிறருடன் பகிர்ந்துகொண்டார். 4 பேர் ஓடும் தொடர் ஓட்டத்தில் அவரது அணி 5ஆவதாக வந்தது.

பதக்கம் இல்லை. எனினும் பெர்லினிலிருந்து அவர் ஒரு செல்வத்தைக் கொண்டுவந்தார். அவ்விழாவில் 4 தங்கம் வென்ற அமெரிக்கக் கறுப்பின வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸின் கையெழுத்துதான் அது. நம்மில் பலரும் கையெழுத்துச் சேகரிக்கும் ஏடு வைத்திருந்தவர்களே. அந்தச் சிறுமியின் மகிழ்ச்சி எத்தகையது என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. 12 ஆண்டுகள் கழித்துத் தாமும் அதே 4 தங்கத்தை வெல்லப்போகிறோம் என்று அன்று அவர் கனவிலும் கருதியிருக்க மாட்டார்.

1938ஆம் ஆண்டு 100 கெஜ ஓட்டத்தை 11 விநாடியில் ஓடி முதல் உலக சாதனையை நிகழ்த்தினார். அதே ஆண்டு ஐரோப்பியப் போட்டியில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெண்கலம் பெற்றார். இனி 1940 ஒலிம்பிக்கில் தங்கம்தான் என்று யாவரும் எதிர்பார்த்தனர்.

போரும் தொட்டிலும்

ஆனால் உலகம் வேறு திசையில் ஓடிற்று. 1940 மே 10ஆம் நாள் ஜெர்மானியப் படை நெதர்லாந்துக்குள் புகுந்தது. ஒலிம்பிக் விழா நின்றது. 1944ஆம் ஆண்டு விழாவும் நடைபெறவில்லை. ஓர் ஓட்ட வீராங்கனையின் வாழ்வில் 22 வயதும் 26 வயதும் மீண்டும் வருவனவா? அவரது சிறந்த ஆண்டுகளைப் போர் விழுங்கிற்று.

அந்த 1940 ஆகஸ்டு மாதத்தில் ஃபானி தம் பயிற்சியாளரான ஜானையே மணந்தார். போர்க்காலத்திலேயே அவர்களுக்கு ஆண் குழந்தை பிறந்தது. குழந்தை பிறந்த செய்தி கேட்டதும் நாட்டின் பத்திரிகைகள் ஃபானியின் ஓட்ட வாழ்வு முடிந்தது என்று தாமாகவே தீர்மானித்துக்கொண்டன. அக்காலத்தில் மணமான வீராங்கனைகளே அரியர். தாயான ஒருத்தி போட்டியில் ஓடுவாள் என்பது எண்ணிப் பார்க்கவும் இயலாத ஒன்று. யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டியதில்லை என்று எண்ணினர்.

கணவன் மனைவி இருவரும் அவ்வாறு எண்ணவில்லை. பிள்ளைப்பேறு முடிந்து சில வாரங்களிலேயே ஃபானி மீண்டும் பயிற்சியைத் தொடங்கினார். (எப்போது தொடங்கலாம் என்பது ஒவ்வொரு தாயின் உடல்நிலையையும் பொறுத்தது, இன்றைய தாய்மார் மருத்துவரின் சொல் கேட்டே தொடங்குதல் நன்று.) தாய்மை அவரது ஓட்டத்தைக் குறைத்ததா? 1943ஆம் ஆண்டு மே மாதம் உயரம் தாண்டுதலில் 1.71 மீட்டர் தாண்டினார். அதற்கு முன்பிருந்த உலக சாதனை 1.66 மீட்டர். ஒரே நாளில் 5 சென்டிமீட்டரை உயர்த்திவிட்டார்! அதே ஆண்டு செப்டம்பரில் லெய்டன் நகரில் 6.25 மீட்டர் நீளம் தாண்டினார். அந்தச் சாதனை 1954 வரை அசையாமல் நின்றது. இவை கைக்குழந்தை வீட்டில் இருக்க, அயலார் படை தெருவில் உலவ, ஒரு தாய் நிகழ்த்தியவை.

1944-45ஆம் ஆண்டுக் குளிர்காலத்தை நெதர்லாந்து மக்கள் பசிக் குளிர்காலம் என்றே அழைக்கின்றனர். உணவும் எரிபொருளும் இன்றி ஏறத்தாழ 20,000 பேர் மடிந்தனர். அந்நாளில் ஒரு தாயின் முதல் கவலை பதக்கமாகவா இருந்திருக்கும்? அடுத்த வேளை உணவாகத்தானே இருந்திருக்கும்! போர் ஓய்ந்த காலத்தில் இரண்டாவது குழந்தையாகப் பெண் மகவு பிறந்தது.

1946ஆம் ஆண்டு ஆஸ்லோ நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டிக்கு ஃபானி கைக்குழந்தையின் தாயாகவே சென்றார். முதல் நாள் அவருக்கு நன்றாக அமையவில்லை. உயரம் தாண்டுதலும் 100 மீட்டர் அரையிறுதியும் ஒரே நேரத்தில் வந்தன. ஓட்டத்தில் தடுக்கி விழுந்தார். அடிபட்ட உடலோடு தாண்டி 4ஆம் இடமே பெற்றார். அத்தோடு மனம் தளர்ந்திருந்தால் இக்கட்டுரைக்கே வேலையில்லை. அடுத்து வந்த 80 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்திலும் தொடர் ஓட்டத்திலும் தங்கம் வென்றே ஊர் திரும்பினார்.

வீடும் பயிற்சியும்

இரு குழந்தைகளை வைத்துக்கொண்டு அவர் எவ்வாறு பயிற்சி செய்தார் என்று அறிய நமக்கு ஆவல் எழுகிறதல்லவா? அவரது முறை மிக எளியது. வாரத்தில் 2 நாள் மட்டுமே பயிற்சி. அதுவும் 2 மணி நேரம். குழந்தைகளை விட்டுவிட்டுச் செல்லவில்லை. மைதானத்திற்கே அழைத்துச் சென்றார். நீளம் தாண்டுவோருக்காகக் கொட்டிய மணல் பள்ளம் பிள்ளைகளுக்கு விளையாட்டு இடமாயிற்று. அவர்கள் மணல் அளைந்து விளையாடுகையில் தாய் சுற்றிச் சுற்றி ஓடினார். கடைகண்ணிக்குச் செல்வதும் பெரும்பாலும் மிதிவண்டியில்தான். வீட்டு வேலையே உடலுக்குப் பயிற்சியாகவும் அமைந்தது.

இன்றைய வீராங்கனைகளின் நாள்தோறும் நடக்கும் பயிற்சியோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவே. ஆயினும் கிடைத்த நேரம் முழுவதையும் சிந்தாமல் சிதறாமல் அவர் பயன்படுத்தினார். நேரமில்லை என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். நேரம் இல்லாமை ஒன்று. இருக்கும் நேரத்தை வீணாக்குதல் மற்றொன்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஃபானி அறிந்திருந்தார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவர் தனியாக இதைச் செய்யவில்லை. கணவர் ஜான் மைதானத்தில் பயிற்சியாளராக நின்றார். மனைவி ஓடுவது குடும்பத்திற்கு இழுக்கு என்று அவர் ஒரு நாளும் கருதவில்லை. அந்தத் துணை கிடைக்காத பெண்கள் அந்நாளில் எத்தனை பேரோ! அவர்களது பெயர்கள் எந்தச் சாதனைப் பட்டியலிலும் ஏறவில்லை.

லண்டன் விழா

12 ஆண்டு இடைவெளிக்குப் பின் 1948ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் ஒலிம்பிக் விழா கூடிற்று. ஃபானி அப்போது 30 வயது நிரம்பியவர். குழந்தைகளை வீட்டோடு இருந்து கவனிக்க வேண்டியவள் அரைக்கால் சட்டையுடன் ஓடுவதா என்று கண்டித்துக் கடிதங்கள் வந்தன. பிரித்தானிய அணியின் மேலாளர் ஒருவரோ, வெற்றி பெற ஃபானிக்கு வயது கடந்துவிட்டது என்று எழுதினார். ஜான் அதையே ஓர் ஆயுதமாக்கிக்கொண்டார். மனைவி சற்றுச் சோர்ந்தபோதெல்லாம், உனக்கு வயதாகிவிட்டது ஃபானி என்று சீண்டுவார். அவ்வளவுதான், ஃபானிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும்!

பெண் ஒருத்தி தனிப்போட்டிகளில் 3க்கு மேல் கலந்துகொள்ளலாகாது என்பது அன்றைய விதி. ஆகவே உலக சாதனை தம் கையில் இருந்தும் உயரம் தாண்டுதலையும் நீளம் தாண்டுதலையும் விட்டுக்கொடுத்தார். லண்டனில் நீளம் தாண்டுதலில் தங்கம் பெற்ற தாண்டல் 5.69 மீட்டர், ஃபானியின் சாதனையோ 6.25 மீட்டர். விட்டுக்கொடுத்தது எத்தகைய செல்வம் என்பது இதனால் விளங்கும். 100 மீட்டர், 200 மீட்டர், 80 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம், இவற்றோடு தொடர் ஓட்டம் ஆகியவற்றையே தேர்ந்துகொண்டார்.

ஆகஸ்டு 2ஆம் நாள் 100 மீட்டர் இறுதி ஓட்டம். மழையால் களம் சேறாகிக் கிடந்தது. 11.9 விநாடியில் ஓடி முதல் தங்கத்தை வென்றார். ஒலிம்பிக் தடகளத்தில் தங்கம் பெற்ற முதல் நெதர்லாந்துப் பெண்மணி என்ற பெருமையும் உடன் வந்தது.

ஆகஸ்டு 4ஆம் நாள் தடை தாண்டும் ஓட்டம். எதிரே 19 வயதுப் பிரித்தானியப் பெண் மரீன் கார்டனர். ஃபானி புறப்படுவதில் பிந்திவிட்டார். விரட்டிப் பிடிக்கையில் ஒரு தடையில் கால் இடித்தது. தள்ளாடியபடியே கோட்டைக் கடந்தார். இருவருக்கும் ஒரே நேரம், 11.2 விநாடி! யார் முதல்வர் என்று புகைப்படத்தைப் பார்த்தே சொல்ல வேண்டியதாயிற்று. அப்போது திடீரென்று பிரித்தானிய நாட்டுப் பண் முழங்கிற்று. கார்டனர்தான் வென்றார் போலும் என்று ஃபானியின் நெஞ்சம் துணுக்குற்றது. உண்மையில் அரச குடும்பத்தார் அரங்கினுள் வந்ததை முன்னிட்டே அப்பண் இசைக்கப்பட்டது. சிறிது நேரத்தில் முடிவு தெரிந்தது. இரண்டாம் தங்கமும் ஃபானிக்கே.

கண்ணீர்

இதுவரை நாம் கண்டது வீராங்கனையை. இனிக் காணப்போவது தாயை. 2 தங்கம் வென்ற பின், 200 மீட்டர் அரையிறுதிக்கு முன்பாக, ஃபானி உடைந்து அழுதுவிட்டார். நாளுக்கு நாள் ஓட்டம். எங்கு திரும்பினும் செய்தியாளர். எல்லார் கண்ணும் தம்மீதே. பிள்ளைகளோ கடலுக்கு அப்பால், நெதர்லாந்தில். இனி ஓட முடியாது, வீட்டுக்குப் போக வேண்டும் என்று கணவரின் தோளில் சாய்ந்து விம்மினார்.

ஜான் கோபிக்கவில்லை, கட்டாயப்படுத்தவும் இல்லை. விருப்பமில்லை என்றால் ஓட வேண்டாம். ஆனால் பின்னாளில் இதை எண்ணி வருந்துவாய் என்று மட்டும் எடுத்துரைத்தார். முடிவை அவரிடமே விட்டார். ஃபானி நெடுநேரம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு களத்திற்குச் சென்றார்.

பிள்ளையைப் பிரிந்த தாயின் ஏக்கத்தைப் பலவீனம் என்று நாம் கூறமாட்டோம். தங்கப் பதக்கம் தாய் நெஞ்சை மாற்றிவிடுவதில்லை. ஏக்கம் இருந்தது, ஓட்டமும் இருந்தது. ஒன்றுக்காக மற்றொன்றை அவர் கொன்றுவிடவில்லை. அதுவே அவரது வாழ்வில் நாம் போற்றும் இடம்.

ஆகஸ்டு 6ஆம் நாள், கொட்டும் மழையில் 200 மீட்டர் இறுதி ஓட்டம். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு அவ்வோட்டம் நடந்தது அதுவே முதன்முறை. 24.4 விநாடியில் ஃபானி வென்றார். இரண்டாவதாக வந்தவர் 0.7 விநாடி பின்தங்கியிருந்தார். குறுந்தூர ஓட்டத்தில் அது மிகப் பெரிய இடைவெளி.

மறுநாள் தொடர் ஓட்டம். அன்று ஒரு வேடிக்கை நடந்தது. மழைக்கோட்டு வாங்கக் கடைக்குச் சென்ற ஃபானி, நேரத்தை மறந்துவிட்டார். ஓட்டம் தொடங்கும் வேளை நெருங்கியும் ஆளைக் காணவில்லை. தோழியர் தவித்துப்போயினர். கடைசி நேரத்தில்தான் வந்து சேர்ந்தார். நான்காவதாக ஓட வேண்டிய அவர் கையில் கோல் வந்தபோது அணி 3ஆம் இடத்தில் இருந்தது. ஒவ்வொருவராக எட்டிப் பிடித்து, கோட்டருகே ஆஸ்திரேலியப் பெண்ணையும் முந்தினார். 47.5 விநாடி, 0.1 விநாடி வேறுபாட்டில் நான்காம் தங்கம்! 8 நாட்களில் 11 முறை ஓடினார். 11 முறையும் வென்றார். பெண்களுக்கென அவ்விழாவில் இருந்த தடகளப் போட்டிகள் 9. அவற்றுள் 4 ஒரு தாயின் கைக்குச் சென்றன.

ஊர் வரவேற்பு

ஆம்ஸ்டர்டாம் நகரம் திரண்டு வந்து அவரை வரவேற்றது. நான்கு குதிரைகள் பூட்டிய திறந்த வண்டியில் தெருத்தெருவாக ஊர்வலம். வேகமாக ஓடியதைத் தவிர வேறென்ன செய்துவிட்டோம், இதற்கு இத்தனை ஆரவாரமா என்று ஃபானி வியந்தார். அண்டை வீட்டார் ஒன்றுகூடி ஒரு மிதிவண்டியைப் பரிசளித்தனர். இவ்வளவு ஓடியது போதும், இனியாவது சற்று நிதானமாகச் செல்லுங்கள் என்பது அவர்களது அன்பான கிண்டல். நாட்டின் அரசியார் வீரப்பட்டம் சூட்டிச் சிறப்பித்தார்.

உலகப் பத்திரிகைகள் அவருக்குப் பறக்கும் இல்லத்தரசி என்று பெயரிட்டன. இனிமையான பெயர்தான். ஆயினும் சற்று நின்று நோக்குவோம். அவர் என்ன சமைக்கிறார், துணி எப்படித் தைக்கிறார் என்று எழுதிய அதே பத்திரிகைகள், தங்கம் வென்ற ஆண்களிடம் வீட்டில் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார் என்று கேட்டதுண்டா? தந்தையாகிய வீரன் வீரன் மட்டுமே; தாயாகிய வீராங்கனையோ முதலில் இல்லத்தரசி, பிறகே வீராங்கனை. ஃபானி இல்லத்தரசியாக இருந்ததால் வெல்லவில்லை. உலகிலேயே வேகமாக ஓடிய பெண்ணாக இருந்ததால் வென்றார்.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டு வெளிவந்த அவரது வாழ்க்கை வரலாற்று நூல், புன்னகை பூத்த இல்லத்தரசி என்ற படத்தோடு நிற்கவில்லை. தோல்வியைத் தாங்காத, வெற்றியில் தணியாத வேட்கை கொண்ட பெண்ணாகவும் அவரைக் காட்டிற்று. அவ்வளவு கடும் முனைப்புள்ளவருடன் வாழ்வது வீட்டாருக்கு எந்நாளும் எளிதாக இருந்திருக்காது. மாசற்ற தாயாக இருந்தால்தான் ஒரு பெண் ஓடலாம் என்று நாம் நிபந்தனை விதிக்கலாமா? மாசற்ற தந்தையரை மட்டுமே நாம் களத்தில் இறக்குகிறோமா?

பிற்கால வாழ்வு

1950ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் மேலும் 3 தங்கம் வென்றார். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உடலில் கட்டிகள் வந்து வருத்தின. தடை தாண்டும் இறுதி ஓட்டத்தில் தடையில் இடித்துப் பாதியில் நின்றுவிட்டார். அந்த ஓட்டத்தில் வென்றவர் ஆஸ்திரேலியாவின் ஷெர்லி ஸ்டிரிக்லண்டு. 1948இல் 100 மீட்டரிலும் தடை ஓட்டத்திலும் ஃபானிக்குப் பின்னால் 3ஆவதாக வந்தவர். அவரும் அதன்பின் தாயானார். 1956ஆம் ஆண்டு மெல்போர்னில் 31 வயதில் மீண்டும் ஓடி அதே ஓட்டத்தில் தங்கத்தைத் தக்கவைத்துக்கொண்டார்! ஃபானி திறந்த கதவு மூடிக்கொள்ளவில்லை.

1955ஆம் ஆண்டு குண்டு எறிதலில் நாட்டின் சிறந்தவராக வந்ததோடு ஃபானி போட்டிகளிலிருந்து விலகினார். அது அவரது 58ஆவது நாட்டுப் பட்டம். பிறகு 1968 ஒலிம்பிக் வரை நெதர்லாந்து அணியின் தலைவராக இருந்து இளையோரை நடத்திச் சென்றார்.

1972ஆம் ஆண்டு மூனிக் ஒலிம்பிக்கில் ஓர் இனிய நிகழ்ச்சி. ஜெஸ்ஸி ஓவன்ஸை மீண்டும் சந்தித்தார். தங்கள் கையெழுத்தை இன்னும் போற்றி வைத்திருக்கிறேன், என் பெயர் ஃபானி பிளாங்கர்ஸ்-கோயன் என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டார். பெயரைச் சொல்லவும் வேண்டுமா, தங்களைப் பற்றி எல்லாம் அறிவேன் என்றார் ஓவன்ஸ். 18 வயதுச் சிறுமியாகக் கையெழுத்து வாங்கியவர் அன்று அவருக்கு இணையாக நின்றார்.

1977ஆம் ஆண்டு ஜான் காலமானார். 1999ஆம் ஆண்டு உலகத் தடகளச் சம்மேளனம் ஃபானியை நூற்றாண்டின் சிறந்த வீராங்கனையாகத் தேர்ந்தெடுத்தது. தம் பெயர் அறிவிக்கப்பட்டபோது அவர் திகைத்துப்போனார். 2004 சனவரி 25ஆம் நாள், தம் 85ஆம் வயதில் மறைந்தார். ஹெங்கலோ நகரில் ஆண்டுதோறும் நடக்கும் தடகளப் போட்டி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நாம் கற்பவை

அன்புத் தோழியரே, ஃபானியின் வாழ்வு நமக்கு என்ன கூறுகிறது? எல்லாத் தாய்மாரும் ஒலிம்பிக்கில் ஓட வேண்டும் என்று அது கூறவில்லை. ஓட விரும்பும் தாயை, நீ ஓடலாகாது என்று தடுக்க எவருக்கும் நியாயமில்லை என்று கூறுகிறது. ஐரினா ஷெவின்ஸ்கா என்னும் போலந்து நாட்டுத் தாய் 1976இல் மாண்ட்ரியாலில் 400 மீட்டர் தங்கம் வென்றார். ஜமைக்காவின் ஷெல்லி ஆன் ஃபிரேசர் பிரைஸ் 2019இல் தோஹாவில் உலகப் பட்டம் பெற்று, தம் சிறு மகனைத் தூக்கிக்கொண்டு களத்தை வலம் வந்தார். கென்யாவின் ஃபெயித் கிப்யேகான் 2018இல் தாயான பின் 2021இலும் 2024இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். இன்று இவர்களைக் கண்டு உலகம் வியக்கிறதே தவிர வீட்டுக்குப் போ என்று கடிதம் எழுதுவதில்லை. அந்த மாற்றத்துக்கு முதல் வழி வகுத்தவர்களுள் ஒருவர் ஃபானி.

ஆனால் மாற்றம் ஓடுபவளால் மட்டும் வருவதில்லை. மணல் பள்ளத்தில் விளையாட இடம் தந்த மைதானம் வேண்டும். தோளில் சாய்ந்து அழ இடம் தந்து, முடிவை அவளிடமே விடும் துணை வேண்டும். குழந்தையைச் சற்று நேரம் வாங்கி வைத்துக்கொள்ளும் கைகள் வேண்டும். அந்தக் கைகள் நம்முடையவையாக இருக்கலாகாதா?

அடுத்த ஆண்டு விளையாட்டு விழாவன்று பந்தலோரம் நிற்கும் அக்காமாரை நாம் மீண்டும் அழைப்போம். அவர்கள் சிரித்துத் தலையசைத்தால் விட்டுவிட வேண்டாம். கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொள்வோம். கோடு அங்கேயே இருக்கிறது. ஓடுவதும் நிற்பதும் அவர்கள் விருப்பம்.